‘மை தீர்ந்துவிட்டது’ என்று பிரின்டர் சொன்னால் நம்பலாமா? கலெக்டர் ஆபீஸ் முதல் காந்திபுரம் வரை ஒரு நடை!

திங்கட்கிழமை காலையில் கோவை ஸ்டேட் பேங்க் ரோட்டுக்குப் போயிருக்கிறீர்களா? ஒரு பக்கம் ரயில்வே ஸ்டேஷன் கூட்டம். இன்னொரு பக்கம், கலெக்டர் அலுவலகத்தில் மக்கள் குறைதீர்க்கும் நாளுக்காகப் பல ஊர்களிலிருந்து பஸ் ஏறி வந்தவர்களின் கூட்டம். மஞ்சப்பை, பட்டா நகல், ஆதார் ஜெராக்ஸ், கையில் தண்ணீர் பாட்டில். மனு எழுதித் தருபவர்களும், டைப் அடித்து பிரின்ட் எடுத்துத் தரும் சின்னச் சின்னக் கடைகளும் அன்றைக்குத்தான் சுறுசுறுப்பாக இருக்கும்.

அப்படி ஒரு கடையில் நின்றுகொண்டிருந்தேன். எனக்கு முன்னால் அன்னூர்ப் பக்கமிருந்து வந்த ஒரு பாட்டி. முதியோர் உதவித்தொகை சில மாதங்களாக வரவில்லையாம். அதற்குத்தான் மனு. கடைக்காரர் டைப் அடித்து முடித்து பிரின்ட் கொடுத்ததும் திரையில் ஒரு மஞ்சள் முக்கோணம், உள்ளே ஆச்சரியக்குறி. பாட்டிக்கு இங்கிலீஷ் தெரியாது. ஆனால், முக்கோணம் புரிந்துவிட்டது.

“என்ன சாமி, என்ர மனு வராதா?”

கடைக்காரர் திரையைப் பார்க்கக்கூட இல்லை. ஓகே பட்டனைத் தட்டினார். “அது கெடக்குதுங்க ஆத்தா. மை இல்லை, மை இல்லைன்னு மூணு வாரமா இதையேதான் சொல்லிட்டிருக்குது.”

மனு வந்தது. எழுத்து கறுகறுவென்று இருந்தது.

எனக்கு வயிறு எரிந்தது. காரணம் சொல்கிறேன். ஜர்னலிசம் டிப்ளமோ கடைசி வருடம், புராஜெக்ட் சமர்ப்பிப்பதற்கு முந்தின இரவு, இதே முக்கோணம் என் வீட்டு பிரின்டரிலும் வந்தது. பயந்துபோய் அப்பாவை எழுப்பி, மூடப்போன கடையைத் தட்டி, ஏறக்குறைய ஆயிரம் ரூபாய்க்குப் புதுக் கார்ட்ரிட்ஜ் வாங்கிப் போட்டோம். பழையதைக் குப்பையில் போட்டேன். அதில் மை இருந்ததா, இல்லையா என்று பார்க்க வேண்டும் என்றே தோன்றவில்லை. மெஷின் சொல்கிறது, நாம் யார் கேட்பதற்கு?

“இந்தக் கார்ட்ரிட்ஜை எங்கே ரீஃபில் பண்றீங்க?” என்று கடைக்காரரிடம் கேட்டேன். “காந்திபுரம் போங்க அம்மிணி. நூறடி ரோட்டுப் பக்கம் சந்துக்குள்ள ஒருத்தர் இருக்காரு” என்றார்.

பஸ் பிடித்திருக்கலாம். ஆனால் டாக்டர் நஞ்சப்பா ரோட்டில் சென்ட்ரல் ஜெயில் சுவரை ஒட்டி நடந்தால் தூரம் தெரியாது. பார்க் கேட்டில் ஒரு இளநீர் குடித்துவிட்டு நடையைக் கட்டினேன்.

நடக்கிற நேரத்தில் அந்த முக்கோணத்தின் கதையைச் சொல்லிவிடுகிறேன். வீட்டில் கேஸ் சிலிண்டர் மாட்டியதும் அம்மா தினசரி காலண்டரில் குறித்து வைப்பார் இல்லையா? ‘போன தடவை நாற்பது நாள் வந்தது, இந்நேரம் தீரணும்’ என்று ஒரு கணக்கு. உள்ளே எவ்வளவு கேஸ் இருக்கிறது என்று அவர் எட்டிப் பார்க்கவில்லை, நாளைத்தான் எண்ணுகிறார். பெரும்பாலான வீட்டு இங்க்ஜெட் பிரின்டரும் அதையே செய்கிறது. கார்ட்ரிட்ஜுக்குள் மை மட்டத்தை அளக்கும் குச்சி எதுவும் கிடையாது. எத்தனை துளி தெளித்தேன், நாசிலைச் சுத்தம் செய்ய எவ்வளவு செலவழித்தேன் என்று எண்ணிக்கொண்டே வந்து, ஆரம்ப அளவிலிருந்து கழித்து, ‘இப்போது இவ்வளவு இருக்க வேண்டும்’ என்று ஊகிக்கிறது.

அந்தத் துளி எவ்வளவு சின்னது தெரியுமா? பிகோலிட்டர் கணக்கு. ஒரு துளி 10 பிகோலிட்டர் என்று வைத்துக்கொண்டால், ஒரு மில்லி மையில் 10 கோடி துளிகள். துளியின் அளவில் ஒரு பொட்டு கூடக்குறைய இருந்தாலும், கோடிக்கணக்கில் பெருகும்போது கணக்கு எங்கேயோ போய் நிற்கும். கம்பெனிகளும் பிரின்டரில் தெரியும் மை அளவு ‘தோராயமானது’ என்றுதான் எழுதி வைத்திருக்கின்றன. பொடி எழுத்தில் இருப்பதால் நாம்தான் படிப்பதில்லை.

எல்லா பிரின்டரும் இப்படித்தான் என்று சொல்ல மாட்டேன். கேனானின் சில பழைய மாடல்களில் தனித்தனி மைப் பெட்டியின் அடியில் கண்ணாடிப் பட்டகம் போல ஒன்று இருக்கும். அதில் வெளிச்சத்தைப் பாய்ச்சி மை இருக்கிறதா என்று பார்க்கும். அங்கேயும் ஸ்பான்ஜில் ஊறியிருக்கும் மீதி மைக்கு எண்ணிக்கைதான் கதி.

ரீஃபில் செய்தால் சிக்கல் இன்னும் கூடுகிறது. பிரின்டர் கார்ட்ரிட்ஜின் அடையாளத்தை நினைவில் வைத்திருக்கும். நீங்கள் வாய் வரை மை நிரப்பிக்கொண்டு போனாலும், ‘உன்னை எனக்குத் தெரியும், நீ காலி’ என்றுதான் வரவேற்கும். ஸ்டேட் பேங்க் ரோட்டுக் கடையில் நடந்தது அதுதான்.

மூணு கிராம் தங்கம்னா விட்ருவீங்களா?

சந்துக்குள் ஆறடிக்கு ஆறடி கடை. உள்ளே நுழைந்ததும் டிஷ்யூ பேப்பர் மலை, ஊசி சிரிஞ்சுகள், கறுப்பு, மஞ்சள், நீலம், சிவப்பு பாட்டில்கள். கடைக்காரருக்கு ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். விரல் நுனிகள் நிரந்தரமாக ஊதா நிறம். முன்பு மோட்டார் காயில் கட்டுகிற பட்டறையில் இருந்தாராம்.

எங்கள் ஆபீஸில் ‘தீர்ந்துவிட்டது’ என்று சொல்லிக் கழற்றிய ஒரு கறுப்புக் கார்ட்ரிட்ஜைக் கையோடு கொண்டுபோயிருந்தேன். அவர் அதை ஆட்டிப் பார்க்கவில்லை. மேஜை டிராயரிலிருந்து ஒரு குட்டித் தராசை எடுத்தார். ராஜ வீதிப் பக்கம் நகைப் பட்டறைகளில் வைத்திருப்பார்களே, அந்த மாதிரி டிஜிட்டல் தராசு. கார்ட்ரிட்ஜை வைத்துவிட்டு, ஒரு பழைய நோட்டைப் புரட்டினார். ஒவ்வொரு மாடலுக்கும் காலி எடை, நிரம்பிய எடை என்று இரண்டு கட்டம் போட்டு எழுதி வைத்திருக்கிறார்.

“காலி எடைக்கு மேல மூணு கிராம் நிக்குதுங்க. ஒரு மில்லி மை ஏறக்குறைய ஒரு கிராம். மூணு கிராம் தங்கம்னா விட்ருவீங்களா அம்மிணி?”

உடனே அவரே ஒரு பிரேக்கும் போட்டார். “அத்தனையும் வந்துராதுங்க. ஸ்பான்ஜு கொஞ்சம் புடிச்சு வெச்சுக்கும். ஒரு கிராமு அதுக்குன்னு தள்ளிருங்க. மீதி அடிக்கும்.”

அப்படியே அவரிடமிருந்த பழைய பிரின்டரில் மாட்டினோம். எச்சரிக்கை வந்தது. ஓகே தட்டினார். என் கட்டுரை ஒன்றையே திரும்பத் திரும்ப அடித்தோம். நான் எண்ணினேன். 64-வது பக்கத்தில்தான் எழுத்து நடுவே வெள்ளைக் கோடு விழ ஆரம்பித்தது. உடனே நிறுத்தச் சொன்னார். இதைக் கவனியுங்கள். இந்த வகைக் கார்ட்ரிட்ஜில் மையைச் சூடாக்கிக் குமிழி வரவைத்துத்தான் துளியைத் தெறிக்க வைக்கிறார்கள். நாசிலுக்கு மைதான் குளிர்ச்சி. மை இல்லாமல் ஓட்டினால் ஹெட் எரிந்துவிடும். பிறகு ரீஃபிலுக்கும் உதவாது.

“தண்ணி இல்லாம மோட்டார் ஓட்டுனா காயில் போயிருமல்லங்க, அதேதான்” என்றார் பழைய தொழில் ஞாபகத்தில்.

ஆக, எச்சரிக்கைக்கும் ஒரு நியாயம் இருக்கிறது. அது சொல்லும் நேரம்தான் தப்பு.

பிறகு நிரப்ப ஆரம்பித்தார். மேல் ஸ்டிக்கரைப் பாதி உரித்து, துளையில் ஊசியை இறக்கி, சொட்டுச் சொட்டாக. வேகமாக அழுத்தினால் ஸ்பான்ஜ் குடிக்காது, வழிந்துவிடும். கலர் கார்ட்ரிட்ஜ் என்றால் மூன்று அறை. எந்தத் துளை எந்த நிறம் என்பது மாடலுக்கு மாடல் மாறும். பல் குத்தும் குச்சியை உள்ளே விட்டு நுனியில் ஒட்டும் நிறத்தைப் பார்த்துத்தான் ஊற்றுகிறார். அவசரக் குடுக்கைகள் மஞ்சள் அறையில் நீலத்தை ஊற்றிவிட்டு, பச்சைச் சூரியனோடு திரும்பி வந்த கதைகள் அவரிடம் நிறைய.

புதுசின் விலையில் ஏழில் ஒரு பங்குகூட ஆகவில்லை. “ஆனா, அஞ்சாறு தடவைக்கு மேல ஹெட்டு தாங்காதுங்க. தாங்கும்னு சொல்லி ஏமாத்த மாட்டேன்.”

மழையில் கரைந்த மனு

ரீஃபில் என்றாலே ஜே போடவும் முடியாது. கறுப்பு மையில் இரண்டு ஜாதி. நிறமித் துகள் கலந்தது ஒன்று, சாயம் கரைத்தது ஒன்று. நிறமி காகிதத்தின் மேல் உட்கார்ந்துகொள்ளும், தண்ணீர் பட்டால் சட்டென்று கலையாது. சாயம் காகிதத்துக்குள் இறங்கும், நனைந்தால் பரவும். பல கம்பெனிகளின் கறுப்புக் கார்ட்ரிட்ஜில் வருவது நிறமி. மலிவான ரீஃபிலில் ஊற்றுவது பெரும்பாலும் சாயம்.

“ஒரு அய்யன் நிலத்து மனுவை வேட்டி மடிப்புல வெச்சுட்டு மழையில வந்துட்டாருங்க. சர்வே நம்பரே கரைஞ்சு போச்சு. எங்கிட்ட ரொப்புன மைதான். அன்னைக்கிருந்து ரெண்டு பாட்டில் வெச்சிருக்கேன். என்னத்துக்கு அடிக்கறீங்கன்னு கேட்டுட்டுத்தான் ஊத்துவேன்.”

இந்தக் கேள்வியைக் கேட்காத ரீஃபில் கடையில் நீங்களே கேட்டுவிடுங்கள். பத்திரம், சான்றிதழ் நகல் போன்றவற்றை லேசர் பிரின்டரில் எடுப்பது இன்னும் உத்தமம்.

இன்னொன்றையும் சொன்னார். காலிக் கார்ட்ரிட்ஜையும், கசங்காத அட்டைப்பெட்டியையும் காசு கொடுத்து வாங்கிப்போக ஆள் வருவார்களாம். ரீஃபில் செய்து, பெட்டியில் போட்டு, புதுசு என்று விற்க! “பொட்டியைக் கிழிச்சுப் போட்ருங்க. ரீஃபில்னு சொல்லி வித்தா தொழிலு. புதுசுன்னு சொல்லி வித்தா திருட்டு.”

இந்தச் சண்டை நம் ஊரோடு நிற்பதில்லை. எச்.பி.யின் ‘மை குறைவு’ எச்சரிக்கை உட்பட சில விஷயங்களுக்காக அமெரிக்காவில் வாடிக்கையாளர்கள் வழக்குப் போட்டார்கள். 2010-ல், தவறை ஒப்புக்கொள்ளாமலேயே 50 லட்சம் டாலர் வரை கூப்பன் தர கம்பெனி சமரசத்துக்கு வந்தது. வக்கீல் ஃபீஸ் கணக்கு சரியில்லை என்று 2013-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ரத்து செய்தது தனிக் கூத்து. 2016 செப்டம்பர் 13 அன்று எச்.பி. பிரின்டர்கள் பல, மற்ற கம்பெனிச் சிப் பொருத்திய கார்ட்ரிட்ஜ்களை ஏற்க மறுத்ததும் பெரிய சர்ச்சையானது. 2017 மே மாதம் லெக்ஸ்மார்க் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம், டோனர் கார்ட்ரிட்ஜை விற்றுவிட்ட பிறகு அதன் மேல் காப்புரிமையைக் காட்டி ரீஃபிலைத் தடுக்க முடியாது என்று தீர்ப்பளித்தது. விற்ற பொருள் வாங்கியவருக்கு!

இதைக் காந்திபுரத்துக்காரரிடம் சொன்னேன். பெரிதாக ஆச்சரியப்படவில்லை. “கெணத்து மோட்டார் எரிஞ்சா காயில் கட்டி ஓட்டறோம். எந்தக் கம்பெனியாச்சும் வந்து கேட்டுச்சுங்ளா?”

ஜி.டி.நாயுடுவும் பாலசுந்தரமும் 1937-லேயே மின்மோட்டார் செய்த ஊர் இது. வெட் கிரைண்டருக்குப் புவிசார் குறியீடு வாங்கிய ஊர். திறந்து பார்க்காதே என்று எழுதியிருந்தால், முதலில் ஸ்க்ரூ டிரைவரைத் தேடுகிற ஊர்.

ஆனால் அவர் முகம் வாடியது வேறு விஷயத்தில். டேங்க் பிரின்டர். கார்ட்ரிட்ஜில் ட்யூப் சொருகி, வெளியே மைப் பாட்டில் தொங்கவிடும் வேலையை நம்ம ஊர் மாதிரியான இடங்களில் மெக்கானிக்குகள் செய்துகொண்டிருந்தார்கள். அதைப் பார்த்து எப்சன் தானே ஒரு டேங்க் பிரின்டரை 2010-ல் இந்தோனேசியாவில் இறக்கியது. அடுத்த வருடம் இந்தியாவுக்கும் வந்தது. பிரதர், கேனான், எச்.பி. எல்லாம் பின்னால் வந்தன. மையை வாடிக்கையாளரே ஊற்றிக்கொள்ளலாம். மட்டம் வெளியிலிருந்தே தெரியும். பிறகு சிரிஞ்சுக்காரருக்கு என்ன வேலை?

“முன்ன தெனமும் நாப்பது கார்ட்ரிட்ஜ் வரும். இப்ப அஞ்சு, ஆறு. பையன் இந்தத் தொழிலுக்கு வரலைன்னுட்டான். நானும் கூப்புடலைங்க.”

இப்போது அவருக்குச் சோறு போடுவது இன்னொரு முக்கோணம்தான். நாசில் சுத்தம் செய்யும்போது வழியும் மையைக் குடிக்க பிரின்டர் அடியில் ஒரு பேடு இருக்கும். அது நிரம்பியதா என்று பார்க்காமல், அதற்கும் எண்ணிக்கை வைத்து ஒருநாள் பிரின்டர் வேலைநிறுத்தம் செய்துவிடும். அவர் பேடைக் கழற்றி அலசிக் காயவைத்து, கவுன்ட்டரைப் பூஜ்யமாக்கித் தருகிறார். சிலர் பேடைத் தொடாமல் கவுன்ட்டரை மட்டும் மாற்றிவிடுவார்களாம். ஆறு மாதத்தில் மேஜையெல்லாம் மை. “அங்க மிசினு பொய் சொல்லலை, மெக்கானிக்குத்தான் பொய் சொல்றான்.”

நிரப்பிய கார்ட்ரிட்ஜை டேப் ஒட்டிக் கொடுத்தார். மேலே தேதியும் எடையும் எழுதியிருந்தது.

காந்திபுரம் பஸ் ஸ்டாண்டில் காலையில் பார்த்த பாட்டி நின்றிருந்தார், அன்னூர் பஸ்ஸுக்காக. என்னை அடையாளம் கண்டுகொண்டு, மஞ்சப்பையிலிருந்து மனுவுக்குக் கொடுத்த ரசீதை எடுத்து நீட்டினார். “இதுல என்ன நம்பரு போட்டிருக்குது, படி கண்ணு. போன்ல கேப்பாங்களாமா.”

படித்துக் காட்டினேன். இரண்டு முறை திரும்பச் சொல்லச் சொன்னார். அந்த ரசீதின் எழுத்து வெளிறிப்போய் இருந்தது. என் பேனாவால் ஒவ்வொரு எண்ணின் மேலும் அழுத்தி எழுதிக் கொடுத்தேன். அதற்குள் பஸ் வந்துவிட்டது.