நடுவும் ஓரமும்

தமிழ் பயில்வோனுக்குக் கணிதத்தோடு என்ன உறவு என நண்பர் சிலர் நகையாடுவர். எண்ணையும் எழுத்தையும் நம் முன்னோர் ஒருங்கே போற்றினராதலின், யான் அதனைப் பொருட்படுத்துவதில்லை. என் உள்ளத்தைக் கவர்ந்தது, இயல்நிலைப் பரவல் என்னும் மணிவடிவக் கோடு. ஒன்றைப் பன்முறை அளந்தால், அளவைகள் நடுவிற் குவிந்து, ஓரஞ் செல்லச் செல்ல அருகும். வானளவைகளின் பிழைகளுக்கு இக்கோட்டினை 1809-இல் பொருத்திக் காட்டியவர் காஸ்.

அதற்கு முன்னர், 1796-இல், கிரீனிச் வானாய்வுக் கூடத் தலைவர் மாஸ்கலைன் தம் உதவியாளர் கின்னபுரூக்கைப் பணியினின்று நீக்கினார். விண்மீன் தொலைநோக்கியின் கம்பியைக் கடக்கும் நேரத்தைத் தம்மினும் 0.8 விநாடியளவு பிந்திக் குறித்தார் என்பதே குற்றம். தேர்ந்த நோக்கர்களும் தம்முள் இங்ஙனம் வேறுபடுதல் இயல்பே எனப் பின்னர்க் கண்டவர் பெஸ்ஸல்.

மோட்டார் வண்டி ஓட்டுவோரிடத்தும் இவ்வேறுபாடு உண்டு. இடையூற்றைக் கண்டது முதல் பிரேக்கை மிதிக்கும் வரை கழியும் நேரம் ஆளுக்கு ஆள் வேறு. 1,000 பேரின் சராசரி 1.5 விநாடி, திட்டவிலக்கம் 0.5 விநாடி எனக் கொள்வோம். இக்கோட்டின்படி ஏறக்குறைய 680 பேர் 1 விநாடிக்கும் 2 விநாடிக்கும் இடையே அடங்குவர், 2.5 விநாடியைக் கடப்போர் 23 பேரே. மெய்யான அளவைகளிலோ கோடு பிந்துவோர் பக்கம் நீளும். விரைவிற்கு எல்லையுண்டு, தாமதத்திற்கு ஏது? ஆதலின் நேரத்தின் மடக்கையைக் கொண்டு கோட்டினைப் பொருத்துதலும் உண்டு.

மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி, பிரேக்கை மிதிக்குமுன்னரே 1.5 விநாடியில் 25 மீட்டரும், 2.5 விநாடியில் ஏறத்தாழ 42 மீட்டரும் ஓடிவிடும். வளைவிற்கு அப்பால் ஒரு குழந்தை நிற்குமாயின், இடைப்பட்ட அந்த 17 மீட்டரே அதன் உயிர். சராசரியைக் கருதிச் சாலை சமைப்பின், பாதிப்பேர் அதற்குப் பிந்தியவராவர். அதனாலன்றோ இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ், வண்டியை நிறுத்தற்கு வேண்டும் பார்வைத் தொலைவைக் கணிக்க 2.5 விநாடியைக் கொள்கின்றது!

மாஸ்கலைன் பிந்தியவரை நீக்கினார். சாலை சமைப்போர் பிந்துவோர்க்கும் இடமளிக்கின்றனர். பின்னதே அறிவும் அருளும் உடையதென யான் துணிகின்றேன். 99 ஆடுகளை விட்டு ஒன்றனைத் தேடிச் சென்ற மேய்ப்பன் உவமையின் பொருளை இக்கணக்கிலும் காண்கின்றேன். எனினும் 2.5 விநாடியையும் கடக்கும் அந்த 23 பேர்க்குச் சாலை மட்டும் போதாது. தாம் அவருள் ஒருவரோ என்பதை எவரே அறிவர்? ஆதலின் வளைவுதோறும் வேகந் தணித்தல் நம் அனைவர்க்கும் கடனாம்.