முதலில் நிற்கட்டும் ஸார்!

முதல் வாரம் சம்பளம், மூன்றாவது வாரம் கைமாற்று என்று காலம் தள்ளுகிற ஆபீஸ் ஜீவன்களான நமக்குள்ளும் ஒரு ரேஸ்காரன் ஒளிந்துகொண்டுதான் இருக்கிறான். அவனை வெளியே விட மெட்ராஸ்காரர்களுக்கு ஓர் இடம் உண்டு. பெங்களூர் ரோட்டில், ஸ்ரீபெரும்புதூருக்குக் கொஞ்சம் முன்னால், இருங்காட்டுக்கோட்டை ரேஸ் ட்ராக். 1990-ல் திறந்தது. ஒரு சுற்று 3.7 கிலோமீட்டர். அதற்கு முன்னால் ரேஸெல்லாம் சோழவரத்தில், இரண்டாம் உலகப் போர்க்கால விமான ஓடுதளத்தில் நடந்தது.

'ட்ராக் டே' என்றால் போட்டி இல்லை, கோப்பை இல்லை. பணம் கட்டி, ஹெல்மெட் மாட்டிக்கொண்டு சொந்தக் காரை ஆசை தீர விரட்டலாம். எதிரே பஸ் வராது. குறுக்கே எருமை வராது.

ஆசை வந்ததும் நம் ஆட்கள் முதலில் வாங்குவது என்ன தெரியுமோ? சைலன்ஸர்! தெருவே திரும்பிப் பார்க்கிற மாதிரி ஒரு குழாய். அப்புறம் ஏர் ஃபில்டர். அப்புறம் இன்ஜின் கம்ப்யூட்டரில் கைவைத்து 'ரீமேப்'.

அடியேன் பி.காம். எதைப் பார்த்தாலும் வரவு செலவுதான். என் பழைய ஹாட்ச்பேக்குக்கு நான் முதலில் வாங்கியது ஒரு டப்பா பிரேக் ஆயில்! நண்பர்கள் சிரித்தார்கள். "என்னப்பா, தாலி வாங்காம தாம்பூலப் பை வாங்கறே?"

கணக்கைப் பாருங்கள். வேகம் இரண்டு மடங்கானால், நிறுத்தும்போது பிரேக் விழுங்க வேண்டிய சக்தி நாலு மடங்கு. அவ்வளவும் சூடாக மாறும். ரோட்டில் பிரேக்குக்கு ஆற நேரம் உண்டு. ட்ராக்கில் அதற்குள் அடுத்த வளைவு வந்துவிடும். பிரேக் ஆயிலோ காற்றிலுள்ள ஈரத்தைக் குடிக்கிற சரக்கு. 'டாட் 4' ரகம் புதிதாக இருந்தால் 230 டிகிரி வரைக்கும் தாங்கும். ஈரம் ஏறிவிட்டால் 155-ஐத் தாண்டினாலே கொதிக்கலாம். கொதித்தால் குமிழி. குமிழி இருந்தால் மிதிக்கிற மிதி பிரேக்குக்குப் போய்ச் சேராது.

சிரித்தவர்களில் ஒருவன் புது சைலன்ஸரும் பழைய பிரேக் ஆயிலுமாக வந்திருந்தான். நாலாவது சுற்றில், நேர்ப்பாதை முடிகிற இடத்தில், கார் திரும்பாமல் புழுதியைக் கிளப்பிக்கொண்டு வெளியே போய் நின்றது. நல்லவேளை, ஆளுக்கு ஒன்றுமில்லை. "பெடல் உள்ளே போயிடுச்சுடா... உள்ளே போயிடுச்சுடா" என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தான். அவன் மனைவி நிழலில் உட்கார்ந்து டிபன் பாக்ஸைத் திறந்துகொண்டிருந்தார். யாரும் அவரிடம் எதுவும் சொல்லவில்லை.

ஆகவே, முதல் செலவு பிரேக் ஆயில். இரண்டாவது, பிரேக் பேட். இதிலும் உஷார் வேண்டும். முழு ரேஸ் பேட் சூடேறினால்தான் ஒழுங்காகப் பிடிக்கும். திங்கட்கிழமை காலை, ஆறிப்போன பிரேக்கோடு ஸ்கூல் வாசலில் ஒரு குழந்தை குறுக்கே ஓடினால்? ரோட்டுக்கும் ட்ராக்குக்கும் பொதுவான ரகமே நமக்குப் போதும். மூன்றாவது, நல்ல டயர். இன்ஜின் பக்கம் அதற்கப்புறம் போகலாம்.

அங்கேயும் சட்டம் நிற்கிறது. கம்பெனி கொடுத்த அமைப்பை இஷ்டத்துக்கு மாற்றக்கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு. 2019-ல் சுப்ரீம் கோர்ட்டும் அதையே உறுதி செய்தது. சாதாரண இன்ஷூரன்ஸும் ரேஸ், வேகப் பரீட்சை என்றால் கைவிரித்துவிடும்.

இன்னொன்று, காசில்லாத யோசனை. கடைசிச் சுற்றை மாட்டுவண்டி மாதிரி ஓட்டிப் பிரேக்கை ஆறவிடுங்கள். நிறுத்தியதும் ஹேண்ட் பிரேக் போடாமல் கியரில் விடுங்கள்.

சைலன்ஸருக்கு வைத்திருந்த பணத்தில் ஒரு பயிற்சியாளரைப் பக்கத்தில் உட்காரவைத்து ஓட்டினேன். ஒரு போல்ட்டைக்கூட மாற்றாமல் கார் வேகமாகிவிட்டது. ஸ்டியரிங்குக்குப் பின்னால் இருக்கிற பாகத்தை ட்யூன் பண்ணினால் ஆர்.டி.ஓ.கூட ஒன்றும் சொல்ல மாட்டார், ஸார்!