எண்ணிப் பார்த்தோம்!

தீர விசாரிப்பதே மெய் என்பது மூத்தோர் வாக்கு. அதன் பொருளை நாங்கள் கற்றது தமிழ் வகுப்பில் அன்று, உயிரியல் ஆய்வுக்கூடத்தில்! அதுவும் தலைகுனிந்து கற்றோம்.

மரபியல் பாடம் தொடங்கியதுமே மெண்டலை எங்களுக்குப் பிடித்துப்போயிற்று. அவர் அகுஸ்தினார் சபைத் துறவி அல்லவா! 1822-இல் உழவர் குடும்பத்தில் பிறந்தவர். 1850-இல் ஆசிரியர் தகுதித் தேர்வில் தேறாதவர். (இதைக் கேட்டதும் எங்களுள் சிலருக்கு ஒரே ஆறுதல்!) இன்று செக் நாட்டில் உள்ள புர்னோ நகரின் மடத்துத் தோட்டத்தில், 1856 முதல் ஆண்டுக்கணக்காகப் பட்டாணிச் செடிகளை வளர்த்து ஆராய்ந்தார்.

மஞ்சள் விதைச் செடியையும் பச்சை விதைச் செடியையும் இணைத்தார். முதல் தலைமுறையில் எல்லாமே மஞ்சள். பச்சை எங்கே போயிற்று? அழிந்துவிட்டதா? இல்லை! அடுத்த தலைமுறையில் அது மீண்டும் தலைகாட்டியது. மூன்று பங்கு மஞ்சள், ஒரு பங்கு பச்சை.

இதை மணிகளைக் கொண்டு செய்து பார்க்கும்படி சிஸ்டர் பணித்தார். இரண்டு டப்பாக்கள், ஒவ்வொன்றிலும் மஞ்சள் மணி 50, பச்சை மணி 50. கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு மணி எடுத்து, குறித்துக்கொண்டு, திரும்பப் போட வேண்டும். இரண்டும் பச்சையானால் மட்டுமே பச்சை விதை, மற்றவை மஞ்சள். இப்படி நூறு முறை.

நூறு முறையா! இருபதிலேயே அலுத்துவிட்டது. விடைதான் புத்தகத்தில் இருக்கிறதே! 75, 25 என்று ரிக்கார்டு நோட்டில் அழகாக எழுதிக் கட்டமும் போட்டோம்.

எட்டுக் குழுக்களின் நோட்டுகளையும் சிஸ்டர் மேசைமேல் விரித்து வைத்தார். எட்டிலும் 75, 25! அவர் கோபிக்கவில்லை. கரும்பலகையில் மெண்டலின் கணக்கை எழுதினார்: மஞ்சள் 6,022; பச்சை 2,001. "8,023 விதைகளை எண்ணியவருக்கே சரியாக மூன்றுக்கு ஒன்று வரவில்லை. உங்களுக்கு மட்டும் எப்படி வந்தது, பிள்ளைகளே?" என்றார். எங்களுள் எவரும் தலை நிமிரவில்லை.

இன்னொன்றும் சொன்னார். மெண்டலின் எண்கள்கூட எதிர்பார்ப்புக்கு மிக நெருங்கி இருக்கின்றனவே என்று 1936-இல் ரொனால்டு ஃபிஷர் என்னும் அறிஞர் ஐயம் எழுப்பினாராம். ஆனால் பட்டாணியைப் பயிரிட்டு எண்ணிய வேறு பலருக்கும் அதே விகிதம் கிடைத்ததால் விதி நிலைத்தது. துறவி சொன்னார் என்பதற்காகக்கூட அறிவியல் நம்பிவிடுவதில்லை; மறுபடியும் எண்ணிப் பார்க்கிறது!

மறுநாள் மாலை விளையாட்டை விட்டுவிட்டு நாங்களும் எண்ணினோம். ஒரு குழுவுக்கு 69 மஞ்சள், 31 பச்சை. இன்னொரு குழுவுக்கு 81, 19. எட்டையும் கூட்டினால் 607, 193. மூன்றுக்கு ஒன்றை நெருங்கிவிட்டோம்! பொய்யான 75 தராத மகிழ்ச்சியை மெய்யான 69 தந்தது.

அந்தப் பச்சை மணி பெரிய உண்மை ஒன்றையும் காட்டியது. பெற்றோரின் பண்புகள் பாலும் நீரும் போலக் கலந்துவிடும் என்று அக்காலத்தில் பலர் கருதினர். அப்படியானால் சில தலைமுறைகளில் வேறுபாடுகள் மங்கிப்போகுமே. பிறகு இயற்கை எதைத் தேர்ந்தெடுக்கும்? 1859-இல் பரிணாமக் கொள்கையை நூலாக வெளியிட்ட டார்வினுக்கு இதற்குச் சரியான விடை கிட்டவில்லை. 1866-இல் அச்சான மெண்டலின் கட்டுரையில் அது இருந்தது! உலகம் அதை உணர்ந்தது 1900-இல்தான். அப்போது இருவருமே உயிருடன் இல்லை. மறைந்திருக்கும் பண்பும் அழியாமல் வழிவழி வருகிறது. இயற்கைத் தேர்வுக்கு அத்தகைய வேறுபாடுகளே முதல்.

"பரிணாமம் நம் விசுவாசத்துக்கு முரண் இல்லையா, சிஸ்டர்?" என்று கேட்டோம். பரிணாமம் வெறும் கருதுகோளுக்கும் மேலானது என்று 1996-இல் திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் கூறியதை அவர் எடுத்துச் சொன்னார். "உண்மையைத் தேடுகிறவர் கடவுளுக்கு அஞ்ச வேண்டியதில்லை, எண்ணாமல் எழுதுகிறவர்தான் அஞ்ச வேண்டும்!" என்று சிரித்தார்.

அந்த 75, 25-ஐ நாங்கள் கிழித்தெறியவில்லை. மேலே ஒரு கோடு போட்டு, கீழே மெய்யான எண்களை எழுதியிருக்கிறோம். அடுத்த ஆண்டு இவ்வகுப்புக்கு வரும் தங்கையரே, டப்பாக்கள் அலமாரியில்தான் இருக்கின்றன. நூறு முறையும் எண்ணிவிடுங்கள்!

— பத்தாம் வகுப்பு மாணவியர்