தூரங்கா நிலபடண்டி

கங்காதர நெல்லூரிலிருந்து சித்தூர் வழியாகத் திருப்பதி செல்லும் எவரும் சந்திரகிரி மலையைக் காணாமல் போவதில்லை. அவ்வூர் மூதாட்டி ஒருவர் நாற்பது ஆண்டுகளாகப் பேருந்துச் சன்னலிலிருந்தே அதைப் பார்த்துவந்தார். ஒருமுறையேனும் இறங்கிப் பார்க்கலாம் என்று கணவர் ஒவ்வொரு பயணத்திலும் சொல்வார், இறங்கியதில்லை. 2021 மே மாதம் இரண்டாம் அலையில் அவர் இறந்தார். முகத்தைத் தொலைவிலிருந்து காட்டி எடுத்துச் சென்றுவிட்டனர். திருப்பதியில் முதுகலை பயிலும் பேத்தி அவ்வாண்டின் இறுதியில் ஆயாவைச் சந்திரகிரியில் இறக்கினாள்.

இந்தியத் தொல்லியல் துறை தன் பாதுகாப்பிலுள்ள நினைவுச் சின்னங்களை 2020 மார்ச் 17 அன்று மூடியது. ஜூலை 6 முதல் அவை திறக்கலாயின. தாஜ்மகால் திறக்கச் செப்டம்பர் 21 ஆயிற்று. 2021 ஏப்ரலில் மீண்டும் பூட்டு. ஜூன் 16 அன்று மீண்டும் திறப்பு. முதல் திறப்பின்போது வந்த நெறிமுறைகள் முகக்கவசம், இடைவெளி, மின்னணு நுழைவுச்சீட்டு ஆகியவற்றை வலியுறுத்தின. குழுவாகப் படம் எடுப்பதையும் உள்ளே உண்பதையும் விலக்கின. நோய்த்தடுப்பின் பொருட்டு இவையெல்லாம் தேவையே. ஆயினும் பணத்தை முந்தானையில் முடிந்துகொண்டு வந்தவருக்கு அன்று கைபேசி இல்லாமல் வாயில் திறக்கவில்லை என்பதையும் சொல்லவேண்டும். பேத்தியின் கைபேசியே அன்று இருவருக்கும் வாயிலைத் திறந்தது.

ராஜ மகால் மூன்று தளங்கள் கொண்டது. கல், செங்கல், சுண்ணச்சாந்து ஆகியவற்றால் எழுந்தது. மரம் பயன்படுத்தப்படவில்லை என்பதை இங்கு வருவோருக்கெல்லாம் சொல்வார்கள். சாளுவ நரசிம்மன் விசயநகர அரியணைக்குச் சென்றது இச்சந்திரகிரியிலிருந்துதான். 1565 தலைக்கோட்டைப் போருக்குப் பிறகு பெனுகொண்டாவுக்குச் சென்ற தலைநகர், பின்னர் இங்கு வந்தது. 1639 இல் சென்னைக் கடற்கரை நிலம் ஆங்கிலேயருக்குக் கிடைத்த ஆவணம் இம்மாளிகையில்தான் எழுதப்பட்டது என்பது ஊர்ப்பெருமை. ஆனால் அந்நிலத்தை வழங்கியவர் தாமர்ல வெங்கடாத்ரி நாயக்கர். ஊர்ப்பெருமையில் அவர் பெயர் அடிபடுவதே இல்லை.

மூதாட்டி இவற்றில் எதையும் கேட்கவில்லை. புல்வெளியைக் கடந்து படியருகே வந்ததும் பேத்தியிடம் மெல்லக் கேட்டார்: "உள்ள உட்ருவாங்களா கண்ணு?"

"சீட்டு வாங்கியாச்சு ஆயா, வா."

வாயிலில் சிறு கூட்டம் சேர்ந்தது. காவலர் பணிவாகவே சொன்னார்: "அம்மா, கொஞ்செம் தூரங்கா நிலபடண்டி." மற்றவர்கள் ஓரடி விலகினர். மூதாட்டியோ படியிறங்கி, நடைபாதையைத் தாண்டி, புல்வெளியின் ஓரம்வரை சென்று நின்றுவிட்டார். பேத்தி அழைத்தும் வரவில்லை. காவலரே இறங்கிவந்து, ஓர் ஆள் இடைவெளி போதும் என்று கைகளை விரித்துக் காட்டி அழைத்துச் சென்றார்.

2020 மார்ச்சில் உலக சுகாதார நிறுவனம் சமூகம் என்ற அடையை விட்டு உடல்சார் இடைவெளி என்னும் பொருள்தரும் தொடரை விரும்பியது. தமிழில் 'சமூக விலகல்' என்று தொடங்கியது 'சமூக இடைவெளி' ஆகி, பின்னர் 'தனிமனித இடைவெளி' என்றும் வழங்கியது. கலைச்சொல் ஆக்குவோர் இவற்றின் பொருத்தத்தை விவாதித்தபோது, எல்லைப்புற ஊர்களின் காதில் விழுந்தது தெலுங்கின் 'தூரம்'. தமிழிலும் தெலுங்கிலும் பொதுவான இவ்வடசொல்லுக்குத் தமிழ்ப் பேச்சுவழக்கில் மாதவிலக்கு என்ற பொருளும் உண்டு. வீட்டின் பின்புறத் தாழ்வாரத்தில் தனித்தட்டோடு கழிந்த மூன்று நாட்களின் பெயர் அது. ஊர்க் கிணற்றடியில் சிலரை நிறுத்திவைத்த சொல்லும் அதுவே. அந்நாளில் மூதாட்டியின் காதில் அது 'நிலபடு' என்றே விழுந்தது. மரியாதை விகுதியோடு 'நிலபடண்டி' என்று எவரும் அவரிடம் சொன்னதில்லை. சொல் பழையது, விகுதி மட்டுமே புதிது. கால்கள் சொல்லுக்குப் பணிந்தன. விகுதி அவற்றை எட்டவில்லை.

இதை அவர் பேத்தியிடம் சொன்னது பின்னர்தான், ராணி மகாலின் நிழலில். அங்கும் ஒரு பணியாளர் அதே தொடரைச் சொன்னார். இம்முறை மூதாட்டி பின்வாங்கவில்லை. ஓரடி நகர்ந்து நின்று, பேத்தியைப் பார்த்துச் சிரித்தார்.

ராணி மகால் இரு தளங்கள் கொண்டது. அரசியர் வாழ்ந்த இல்லம் என்பது பெயர் தரும் செய்தி. கட்டடத்தைக் கண்டு அதை உறுதிசெய்வது எளிதன்று. பெயரை நம்பியே மூதாட்டி ஒவ்வொரு வளைவாக எட்டிப் பார்த்தார். பிறகு கேட்டார்:

"ராணி தூரமானா எங்க உக்காருவாங்க கண்ணு?"

பேத்தி அறிவிப்புப் பலகையைப் படித்தாள். தளங்களும் கட்டுமானமும் அதில் இருந்தன. ஆயாவின் கேள்விக்கான இடம் இல்லை. கட்டடத்தின் பின்புறத்தையும் பார்த்துவிடலாம் என்று இருவரும் நடந்தனர்.