வலைக்கண்ணும் முறைச்சீட்டும்

ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் கடல் கிடையாது. ஆனால் எங்கள் தண்ணீர் கடலுக்குத்தான் போகிறது. மேற்கே மலையில் பெய்கிற மழை முடங்கியாறாகவும் பெயர் தெரியாத பல ஓடைகளாகவும் இறங்கி, கண்மாய் கண்மாயாக நிறைத்து, மறுகால் பாய்ந்து வைப்பாற்றில் சேர்கிறது. வைப்பாறு சாத்தூரைத் தாண்டி, தூத்துக்குடி மாவட்டத்தில் சிப்பிக்குளத்துக்குப் பக்கம் மன்னார் வளைகுடாவில் விழுகிறது. கழிமுகத்து இறாலைப் பற்றி எழுத எனக்கு என்ன உரிமை என்று யாரும் கேட்டால் இதுதான் என் பதில். ஆற்றின் தலைமாட்டில் இருக்கிறவனும் அதன் வாய்ப்பகுதியை அறிந்திருக்க வேண்டும்.

எந்த வலையை, எங்கே, யார், எப்போது இறக்கலாம் என்பதுதான் இந்தக் கட்டுரையின் கேள்வி. அது எனக்குள் எழுந்தது கடற்கரையில் இல்லை. இரண்டு ஊர்களுக்கும் நடுவே மலையடிவாரத்தில் உள்ள ஒரு கண்மாயில்தான். கோடையில் நீர் இடுப்பளவுக்கு இறங்கியிருந்தது. குத்தகைக்காரர் சாத்தூர்ப் பக்கத்திலிருந்து வலைக்காரர்களை வரவழைத்திருந்தார். அவர்களில் மூத்தவர் கரையில் வேப்பமர நிழலில் உட்கார்ந்து, கிழிந்த தங்கூசி வலையைக் கால் கட்டைவிரலில் மாட்டி இழுத்துப் பிடித்துக்கொண்டு முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தார். வலது கையில் மூங்கில் ஊசி. இடது கையில் கண்ணின் அளவுக்கென்று சீவிய ஒரு மூங்கில் பட்டை. பட்டையைச் சுற்றி நூலைக் கொண்டுவந்து முடிச்சிட்டால் எல்லாக் கண்ணும் ஒரே அளவில் வரும். நான் பார்த்துக்கொண்டிருந்த நேரம் முழுக்க அவர் குனிந்து கண்ணைப் பார்க்கவேயில்லை. விரலே பார்த்துக்கொண்டது.

எத்தனை வகை வலை விடுவீர்கள் என்று கேட்டேன்.

"மொதல்ல மூணு விரல் கண்ணு, தம்பி. கட்லா, ரோகு மட்டும்தான் மாட்டும். அது வடிஞ்சதும் ரெண்டு விரல். கடைசி ஒரு வாரம் சல்லடை மாதிரி ஒண்ணு வரும். அதுல அயிரைகூட மிஞ்சாது."

"அந்தக் கடைசி வலையை விடக்கூடாதுன்னு ஏதும் கட்டுப்பாடு இல்லையா, அண்ணாச்சி?"

அவர் ஊசியை நிறுத்தவில்லை. "கட்டுப்பாடு எங்கயாவது இருக்கும். முதலாளிக்கு ஜூன் முப்பதோட குத்தகை முடியுது. ஏலம் வேற ஆள் பேருக்குப் போயிட்டா, இன்னைக்கு நாம விட்ட குஞ்சு நாளைக்கு அந்த ஆளுக்கு மீனு. விடுவாரா?"

அந்த ஒரு பதிலில் மொத்த விவகாரமும் இருந்தது. எங்கள் பக்கம் மீன்பாசி குத்தகை பசலிக் கணக்கில் ஓடுகிறது: ஜூலை 1-ல் தொடங்கி ஜூன் 30-ல் முடியும். நாற்பது ஹெக்டேருக்கு மேல் ஆயக்கட்டு உள்ள பெரிய கண்மாய்கள் பொதுப்பணித் துறையின் வழிவந்த நீர்வளத் துறையிடம் இருக்கின்றன. அதற்குக் குறைந்தவை ஊராட்சி ஒன்றியத்திடம். யாரிடம் இருந்தாலும் கேள்வி பெரும்பாலும் ஏலத்தொகையோடு நின்றுபோகிறது. குறுகிய காலத்துக்குத் தண்ணீரை வாங்கியவர், அந்தக் காலத்துக்குள் போட்ட பணத்தை எடுக்கப் பார்ப்பார். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. மீன் வளரக் காலம் வேண்டும். குத்தகைக்குக் காலம் குறைவு. இந்த இடைவெளியில்தான் சல்லடை வலை நுழைகிறது. அது வரும்போது பாதிக்கப்படுவது வளர்ப்பு மீன் மட்டுமில்லை. யாரும் குஞ்சு விடாமலே மழையோடு வந்து பெருகும் அயிரை, கெண்டை, உளுவை எல்லாம் முட்டைப் பருவத்துக்கு முன்பே கரையேறுகின்றன. 1952-ல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட திலேப்பியா, எங்கள் ஊரில் ஜிலேபி, நாட்டு மீனின் இடத்தை ஏற்கெனவே பாதி பிடித்துவிட்டது. மீதிப் பாதியை வலை பார்த்துக்கொள்கிறது.

சட்டம் இல்லாமல் இல்லை. 1897-ஆம் ஆண்டின் இந்திய மீன்வளச் சட்டம் வெடி வைத்தும் விஷம் கலந்தும் மீன் பிடிப்பதைத் தடை செய்தது. அதே சட்டத்தின் 6-ஆம் பிரிவு, எந்த அளவு, எந்த வகை வலை, அதை எப்படிப் பயன்படுத்தலாம் என்பதற்கு விதி போடும் அதிகாரத்தை மாகாண அரசுக்குக் கொடுத்தது. நீரில் நிலையாக நட்டுவைக்கும் பொறிகளையும் கட்டுப்படுத்தலாம் என்றது. ஒன்றேகால் நூற்றாண்டுக்கு முன்பே கண்ணின் அளவைப் பற்றி யோசித்திருக்கிறார்கள். ஆனால் கண்மாய்க்கரையில் அளவுகோலோடு வந்து நிற்கிற யாரையும் அந்த மூத்தவர் தன் வாழ்நாளில் பார்த்ததில்லை என்றார். ராஜபாளையத்துக்குப் பக்கத்திலுள்ள சத்திரப்பட்டியிலும் சமுசிகாபுரத்திலும் பேண்டேஜ் துணி நெய்கிறார்கள். அங்கே வாங்க வருகிறவர் அங்குலத்துக்கு எத்தனை இழை என்று எண்ணிப் பார்த்துத்தான் எடுப்பார். காயத்தில் கட்டும் துணிக்கு இருக்கிற அந்தக் கண்டிப்பு, ஓர் ஊரின் மீனுக்கு இல்லை.

வலைக்கு ஒழுங்கு இருக்கும் நீர்நிலை ஏதாவது இருக்கிறதா என்று விசாரித்தபோது எல்லோரும் கைகாட்டியது பழவேற்காடு. போனேன்.

சென்னைக்கு வடக்கே, தமிழ்நாட்டுக்கும் ஆந்திரத்துக்கும் பொதுவாகக் கிடக்கிறது அந்த உப்புநீர் ஏரி. இந்தியாவில் சில்காவுக்கு அடுத்த பெரியது. ஏரியின் பெரும்பகுதி ஆந்திரத்தில். தெற்கு முனையும் கடலோடு சேரும் முக்கிய முகத்துவாரமும் நம் பக்கம். ஆரணியாறும் காளங்கியும் நன்னீர் கொண்டுவருகின்றன. முகத்துவாரம் வழியாகக் கடல் ஏறி இறங்குகிறது. இறாலுக்கு இந்தக் கலப்பு வேண்டும். வெள்ளை இறால் கடலில் முட்டையிடும். பொரிந்த குஞ்சு, நீரோட்டத்தோடு முகத்துவாரத்துக்குள் வந்து, சேற்றிலும் பாசியிலும் மூன்று நான்கு மாதம் வளரும். பருவம் நெருங்கியதும் மறுபடி கடலுக்குப் போகும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி வற்றம் வேகமாக இருக்கும்போது கூட்டமாக வெளியேறும். அந்த வழியில் நிற்கிற வலைதான் சுத்து வலை. கழிகளை நட்டு, நீரோட்டத்தை மறித்துச் சுவர்போல வலையைக் கட்டி, இறாலை மடிக்குள் சேர்ப்பார்கள்.

வழி குறுகல். வலை வைக்கத் தோதான இடங்கள் சில. முன்னால் ஒருவன் மறித்துக் கட்டினால் பின்னால் நிற்கிறவனுக்குத் தண்ணீர்தான் மிஞ்சும். இந்தச் சிக்கலுக்கு அந்த ஊர்கள் கண்ட தீர்வு பாடு. கோட்டைக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம், ஆண்டிக்குப்பம் ஆகிய ஊர்களின் பட்டினவர்கள் பரம்பரையாக வைத்திருக்கும் முறை இது. வடக்குப் பாடு, முந்துறைப் பாடு, ஓடைப் பாடு என்று நீரையே பெயரிட்டுப் பிரித்திருக்கிறார்கள். ஊர்ப் பட்டியலில் பெயர் உள்ளவர்களுக்கு மட்டும் உரிமை. இன்னாருக்கு இன்ன நாள், இன்ன இடம் என்று சீட்டுப் போட்டு முறை வைக்கிறார்கள். இன்று நல்ல பாடு கிடைத்தவருக்கு நாளை கிடைக்காது; சுற்றி வந்து எல்லோருக்கும் வரும். மாதாகுப்பம் கிறித்தவ ஊர், மற்றவை இந்து ஊர்கள். சீட்டு எல்லோருக்கும் ஒன்று. 1991-இல் ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பு பழவேற்காட்டின் இந்த முறையைத் தனி ஆய்வறிக்கையாகவே வெளியிட்டது.

கரையில் வலையைக் காயப்போட்டுக்கொண்டிருந்த ஒருவரிடம், முறை இல்லாத நாளில் யாராவது வலை வைத்தால் என்ன ஆகும் என்று கேட்டேன்.

"வைக்க மாட்டாங்கண்ணா," என்றார்.

"வைச்சா?"

"ஊர்ல பேசுவாங்க. தண்டம் கட்டணும். அதவிட, நாளைக்கு அவன் முறை வரும்போது பக்கத்துல நிக்கறவன் மூஞ்சிய பாக்கணுமே."

கண்ணின் அளவைப் பற்றிப் பாடு அதிகம் பேசுவதில்லை. இறால் வலையின் மடி எப்போதும் நெருக்கமாகத்தான் இருக்கும்; அதில் சின்னதும் சேர்ந்தே விழும். ஆனால் ஒரு நாளில் எத்தனை வலை நீரில் நிற்கும் என்பதற்கு அங்கே ஒரு வரம்பு இருக்கிறது. மற்ற வலைகளெல்லாம் கரையில் கிடக்கின்றன. வலைக்கண்ணை அளக்க ஓர் அதிகாரி வேண்டும். முறையை அளக்கப் பக்கத்து வலைக்காரரே போதும். அவருக்கு அதில் பங்கு இருக்கிறது. என் பார்வையில் பாட்டின் பலமே இதுதான்.

அதன் குறையையும் மறைக்க முடியாது. பாடு என்பது வேலி. உள்ளே இருப்பவர்களுக்கு அது சமநீதி, வெளியே இருப்பவர்களுக்கு மூடிய கதவு. ஏரியைச் சுற்றியுள்ள தலித் மீனவர்களுக்கும் வேறு சமூகத்து ஊர்களுக்கும் அந்தப் பட்டியலில் இடமில்லை. இதனால் மோதல்கள் நடந்திருக்கின்றன. இருளர்கள் வலையே இல்லாமல் பிடிக்கிறார்கள். பெண்கள் கழுத்தளவு நீரில் உட்கார்ந்த நிலையில் நகர்ந்து, சேற்றைக் கையால் துழாவி, அகப்பட்ட இறாலை ஓலைப் பரியில் போடுகிறார்கள். கை இரண்டும் நீருக்குள் வேலையாக இருப்பதால் பரியின் கயிற்றைப் பல்லால் கடித்துப் பிடித்திருக்கிறார்கள். ஒரு மணி நேரம் அதைப் பார்த்தால் போதும்: ஏரியின் சிறந்த இடமெல்லாம் பிறப்பால் ஒரு சாராருக்கு என்று எழுதிவைத்த முறையை அப்படியே பாராட்ட மனம் வராது. சீட்டு நல்லது. சீட்டில் யார் பெயரை எழுதலாம் என்று சாதி முடிவு செய்வது நல்லதில்லை.

பாட்டுக்கு வெளியிலிருந்தும் நெருக்கடி வருகிறது. முகத்துவாரம் மணல் மூடித் தூர்ந்தால் இறால் உள்ளே வராது. முறை வந்தும் மடி காலியாக இருக்கும். தெற்கே எண்ணூரில் அனல்மின் நிலையங்கள், துறைமுகங்கள். கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுத் தடை உண்டு. கடலில் தாய் இறாலைக் காப்பதற்கு அது உதவும். ஏரிக்குள் குஞ்சு வளரும் இடத்தைக் காக்க அதனால் ஆகாது.

இலங்கையில் நீர்கொழும்புக் களப்பிலும் இதே போல ஒரு வலை உண்டு. அங்கே கட்டுதெல் என்கிறார்கள். அங்கும் மீனவர் சங்கங்கள் சீட்டுப் போட்டுத்தான் இடத்தைப் பிரிக்கின்றன. ஆனால் அந்த நாட்டு அரசு 1958-லேயே அந்த முறையை விதியாக்கிவிட்டது. எனவே முறையை மீறுகிறவர் சங்கத்தை மட்டும் மீறவில்லை, சட்டத்தையும் மீறுகிறார். பழவேற்காட்டுப் பாட்டுக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. அரசு அதை எழுத்தில் ஏற்றிருந்தால், ஏற்கும்போதே கதவை அகலத் திறக்கவும் சொல்லியிருக்கலாம். வெளியே நின்றவர்களுக்கும் சீட்டு கிடைத்திருக்கும், உள்ளே இருந்தவர்களுக்கும் காப்பு கிடைத்திருக்கும்.

ஊருக்குத் திரும்பியதும் நான் சொல்ல வேண்டியது தெளிவாகிவிட்டது. கண்மாய் மீனைக் காக்க முதலில் மாற்ற வேண்டியது குத்தகை. வலை அதற்குப் பின்னால்தான். காலம் நீண்டால் குத்தகைக்காரரே சின்னக் கண் வலையை வெறுப்பார். இன்று விட்ட குஞ்சு அடுத்த ஆண்டும் தனக்குத்தான் என்றால் யாரும் அதை வழித்து எடுக்க மாட்டார்கள். அதைவிட நல்லது, வலை இழுக்கிறவர்களே சங்கமாகச் சேர்ந்து குத்தகை எடுப்பது. இன்று அவர்கள் கூலிக்கு வந்து, யாருக்கோ மீனை வாரிக் கொடுத்துவிட்டுப் போகிறார்கள். அந்த மூத்தவருக்குக் கண்மாயின் ஒவ்வொரு பள்ளமும் தெரியும். எந்த மாதம் எந்த மீன் சினையாக இருக்கும் என்று தெரியும். ஆனால் எந்த வலையை விடுவது என்று முடிவு செய்யும் இடத்தில் அவர் இல்லை. வலைத்தொழில் தெரிந்தவருக்கு வலையின் மேல் உரிமை இல்லாத வரை, எந்த அளவு விதியும் காகிதத்தில்தான் இருக்கும்.

விவசாயிகளுக்கும் இதில் பங்கு உண்டு. மீனைச் சீக்கிரம் பிடிக்க நீரை வடித்துவிடும் வழக்கம் ஆயக்கட்டுக்காரரின் கடைசிப் போக நீரையும் கொண்டுபோகிறது. குத்தகை நீண்டால் இரண்டு தரப்புக்கும் நீர் நிற்க வேண்டும் என்ற ஒரே விருப்பம் வரும்.

மே 1-ஆம் தேதி ஒவ்வோர் ஊராட்சியிலும் கிராம சபை கூடுகிறது. அதற்கு இரண்டு மாதத்தில் புதிய பசலி பிறக்கிறது. ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டங்களில் கண்மாய் உள்ள எந்த ஊர்க்காரரும் அந்தச் சபையில் எழுந்து நான்கைக் கேட்கலாம்: ஏல அறிவிப்பில் வலைக்கண்ணின் குறைந்த அளவை எழுதுங்கள், குறுகிய காலக் குத்தகையை நிறுத்தி நீண்ட காலத்துக்குக் கொடுங்கள், வலைத்தொழிலாளர் சங்கத்துக்கு முன்னுரிமை கொடுங்கள், அந்தச் சங்கத்தில் எல்லாச் சாதியினருக்கும் இடம் கொடுங்கள். தீர்மானமாக எழுதச் சொல்லி, பதிவேட்டில் ஏறும் வரை உட்காருங்கள்.