தானத்து மாடும் பழைய காரும்

தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே என்பது நம் முன்னோர் மொழி. கொடுப்பவர் மனம் நோகலாகாது என்னும் நற்பண்பு அதில் உண்டு. ஆயின், அம்மாடு பால் கறவாவிட்டாலும் வைக்கோலைத் தின்றுகொண்டுதான் இருக்கும் என்பதை அப்பழமொழி சொல்லவில்லை. மோட்டார் வண்டியும் அத்தகையதே. ஓடினால் அது குடும்பத்தைத் தாங்கும். ஓடாது நின்றால் குடும்பம் அதனைத் தாங்க வேண்டும்.

இதனை நான் ஏட்டில் மட்டும் படித்து அறிந்ததில்லை. கம்பளையிலிருந்து புசல்லாவைக்குச் செல்லும் வீதியை விட்டுக் கிளைத்து ஏறும் தோட்டத்துப் பாதையில் எங்கள் வீடு இருந்தது. அடுத்த வீட்டாரைப் பெரியப்பா, பெரியம்மா என்றே அழைப்போம். அவர்களுடைய மூத்த மகனுக்குக் கண்டியில் ஒரு ஹோட்டல் சமையலறையில் வேலை கிடைத்தது. வேலை முடியும் நேரத்தில் ஊர் திரும்பப் பஸ் இல்லை. ஆகவே அண்ணன் பழைய முச்சக்கர வண்டி ஒன்றை லீசிங் முறையில் வாங்கினார். பகலில் அதனை வாடகைக்கு ஓட்டினால் தவணைப் பணமும் தேறிவிடும் என்பது அவர் போட்ட கணக்கு.

மூன்றாம் மாதம் இயந்திரம் நின்றது. தவணை நிற்கவில்லை. வண்டியைத் திருத்தப் பெரியம்மாவின் தோடு அடகுக் கடைக்குப் போயிற்று. சில மாதங்களின்பின் வண்டியையும் நிதி நிறுவனத்தார் கொண்டுபோயினர். போக வழியின்றி வேலையும் போயிற்று. “வண்டியே வாங்காம இருந்திருந்தா தோடாச்சும் மிஞ்சியிருக்கும், தம்பி” என்று பெரியம்மா என்னிடம் சொன்னார். அழுதுகொண்டு சொல்லவில்லை, கணக்குப் பார்த்துச் சொன்னார். அதுவே எனக்கு அதிகம் உறைத்தது.

அக்குடும்பத்துக்கு நேர்ந்த இடர் வறுமையினால் மட்டும் வந்ததன்று. வண்டி நல்லதா என்று சோதித்துச் சொல்ல ஒருவரும் இல்லை. கடனும் அவர்களின் வருவாய்க்கு அளவானதாக இல்லை. இவ்விரு குறைகளையும் ஒருங்கே தீர்க்கும் ஏற்பாடு எங்கேனும் உண்டா என்று தேடியபோது, அமெரிக்க நாட்டில் சில இருப்பதை அறிந்தேன்.

வெர்மான்ட் மாநிலத்துப் பேர்லிங்டன் நகரில் 1996 ஆம் ஆண்டு ஹால் கோல்ஸ்டன் என்பவர் ‘குட் நியூஸ் கராஜ்’ என்னும் அமைப்பைத் தொடங்கினார். மேரிலாந்து மாநிலத்தில் 1999 ஆம் ஆண்டு ‘வெஹிக்கிள்ஸ் போர் சேஞ்ச்’ என்னும் அமைப்புத் தோன்றியது. வசதியுள்ளோர் தமக்கு வேண்டாத கார்களை இவற்றுக்குக் கொடையாக அளிக்கின்றனர். மெக்கானிக்குகள் ஒவ்வொரு காரையும் சோதிக்கின்றனர். திருத்தினால் நெடுநாள் ஓடும் என்று கண்டவை மட்டுமே குடும்பங்களுக்கென ஒதுக்கப்படுகின்றன. ஏனையவற்றை விற்று வரும் பணம் அமைப்பின் பணிக்கே பயன்படுகிறது. மேரிலாந்து அமைப்பிடமிருந்து உழைக்கும் ஏழைக் குடும்பங்கள் சந்தை விலையில் ஒரு சிறு பகுதியைக் கொடுத்துக் கார் பெறுகின்றன. அதற்குக் கடன் வசதியும், வண்டிக்கு உத்தரவாதமும் உண்டு. சிறையிலிருந்து மீண்டோருக்கு அங்கேயே கார் திருத்தும் தொழிலும் கற்பிக்கப்படுகிறது.

இலவசமாகவே கொடுத்துவிட்டால் என்ன என்று வாசகர் கேட்கலாம். விலை சிறிதாயினும் அது ஓர் உரிமையைத் தருகிறது. தானம் பெற்றவன் வண்டியில் குறை கண்டால் வாய் திறக்கக் கூசுவான். விலை கொடுத்தவனோ மாட்டின் பல்லைப் பிடித்துப் பார்க்கலாம். குறையிருந்தால் திரும்பி வந்து கேட்கலாம்.

அந்நாட்டு வரிச் சட்டமும் இவ்வகை விற்பனைக்கு இடம் அளித்திருக்கிறது. முன்பெல்லாம் கார் கொடுத்தவர், அதன் சந்தை மதிப்பு இவ்வளவு என்று தாமே கூறி வருமான வரியில் கழிவு பெற முடிந்தது. உள்ளதற்கு மேல் மதிப்புக் கூறியோரும் இருந்தனர். 2004 ஆம் ஆண்டுச் சட்டம் அதனைத் திருத்தியது. 500 டொலருக்கு மேற்பட்ட கழிவாயின், பொதுவாக அந்த அமைப்பு காரை விற்ற தொகைக்கு மேல் கேட்க முடியாது. ஆனால் வறியவருக்கு மிகக் குறைந்த விலையில் விற்றாலோ, இலவசமாகக் கொடுத்தாலோ, சந்தை மதிப்பையே கேட்கலாம் என்று விலக்கு அளிக்கப்பட்டது. குறைந்த விலைக்கு விற்பதும் தருமமே என்று சட்டம் ஒப்புக்கொண்டது அன்றோ?

இம்முறையை அப்படியே இலங்கைக்குக் கொண்டுவர இயலாது. 2020 மார்ச் மாதம் இங்கு வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியிலேதான் வழி திறந்தது. அவ்விடைக்காலத்தில் பழைய வண்டிகளின் விலை மேலும் ஏறியது. அங்கு வேண்டாப் பொருளாகும் கார் இங்கு சொத்து. சொத்தை எளிதில் தானம் செய்வார் இலர். 2004 ஆம் ஆண்டுச் சுனாமிக்குப் பின் ‘வேர்ல்ட் பைசிக்கிள் ரிலீப்’ என்னும் அமைப்பு, ‘வேர்ல்ட் விஷன்’ அமைப்புடன் சேர்ந்து 24,000க்கு மேற்பட்ட சைக்கிள்களை இந்நாட்டு மக்களுக்கு வழங்கியது. கரையோரச் சமதரைக்கு அது பொருத்தமான உதவி. எங்கள் மலைப்பாதையிலோ சைக்கிளைத் தள்ளிக்கொண்டுதான் ஏற வேண்டும். உதவியும் நிலத்துக்கு ஏற்றதாய் அமைதல் வேண்டும்.

ஆயினும் அவ்வமெரிக்க ஏற்பாட்டின் உயிர்நாடி தானமாக வந்த கார் அன்று. நேர்மையான சோதனையும் அளவான தவணையுமே ஆகும். இவை நமக்கு எட்டாதவையல்ல. தோட்டங்கள் தோறும் மரணாதாரச் சங்கங்கள் உள்ளன. மாதந்தோறும் சிறு தொகை சேர்த்துச் சாவு வீட்டுக்கு உதவும் அச்சங்கங்கள், வாழும் வீட்டுக்கும் ஒரு சிறு நிதி சேர்க்கலாம். கடன் பத்திரத்தில் ஒருவர் கையெழுத்திடுமுன், அனுபவமுள்ள மெக்கானிக் ஒருவரைக் கொண்டு வண்டியைச் சோதிப்பிக்கலாம். முதலாண்டில் நேரும் பழுதுக்கு அந்நிதியிலிருந்து கைமாற்று அளிக்கலாம். 2016 ஆம் ஆண்டு தொடங்கிய 1990 சுவசெரிய அம்புலன்ஸ் நோயாளிக்காக வரும். இரவு வேலை முடிந்தவருக்காக வராது.

கராஜ்களில் தொழில் பயிலும் இளைஞர்களுக்கு ஒரு வார்த்தை. பணமாகக் கொடுக்க உங்களிடம் ஒன்றும் இல்லாதிருக்கலாம். ஆயினும் ஏழை ஒருவர் வாங்க நினைக்கும் வண்டியின் இயந்திரத்தைத் திறந்து பார்த்து, “இது வேண்டாம், அண்ணே” என்று தக்க தருணத்தில் சொல்ல உங்களால் முடியும். அவ்வொரு சொல் ஒரு தாயின் தோட்டைக் காக்கும்.