நான் கைகாட்டிய கடை

வெளியூரிலிருந்து கோவைக்கு வந்த சொந்தக்காரர்களை, விசைத்தறிச் சேலையைக் கைத்தறி என்று சொல்லி வாங்க வைத்தேன். தெரியாமல் நடந்ததில்லை. தெரிந்தே சொன்னேன், பல வருஷம் சொன்னேன்.

என் அம்மா பிறந்தது நெகமம் பக்கம். பள்ளி விடுமுறைக்கு அங்கே போனால் தறிச் சத்தத்தில்தான் கண் விழிப்போம். குழித்தறியில் காலை இறக்கி உட்கார்ந்திருக்கும் பெரியவர்கள் பாவு அறுந்தால் இழை தேடி முடிவதைப் பக்கத்தில் இருந்து பார்த்து வளர்ந்தவன் நான். சேலையை வாங்கிக் கரையைத் தடவினாலே எந்தத் தறியில் இறங்கியது என்று தெரிந்துவிடும். ஏமாந்துவிட்டேன் என்று சொல்லித் தப்பிக்க எனக்கு வழியில்லை.

கல்யாணத்துக்கோ காதுகுத்துக்கோ சென்னையிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் வருபவர்கள் தவறாமல் கேட்பார்கள்: "இங்க என்ன வாங்குனா நல்லா இருக்கும்?" சரியான பதில் எனக்கு மனப்பாடம். நெகமம் பருத்திச் சேலை, பட்டிழையும் பருத்தியும் சேர்த்து நெய்யும் கோவை கோரா, சிறுமுகை மென்பட்டு, சென்னிமலைப் போர்வை, பவானி ஜமக்காளம். நெகமத்துக்குப் போய்வர ஒரு காலைப்பொழுது போதும். ஆனால் நான் அவர்களைக் கூட்டிப் போனது நகருக்குள் எனக்குப் பழக்கமான ஒரு கடைக்கு. அலைச்சல் மிச்சம். இன்னொரு காரணமும் உண்டு. தீபாவளிக்கு நான் துணி எடுக்கும்போது அந்தக் கடைக்காரர் பில்லில் கணிசமாகக் குறைத்துக்கொள்வார். ஆள் கூட்டி வந்ததற்கான கூலி அது என்று இருவருக்கும் தெரியும், வாய்விட்டுச் சொல்லிக்கொண்டதில்லை.

கிரைண்டர் வாங்க வந்தவர்களிடம் மட்டும் உண்மையாக நடந்துகொண்டேன். அதுவும் இந்த ஊர்ச் சரக்குதான், கோயம்புத்தூர் வெட் கிரைண்டருக்கு 2005-06இல் புவிசார் குறியீடே கிடைத்தது. ஊத்துக்குளிக் கல்லா என்று கேளுங்கள், ஓடவிட்டுச் சத்தத்தைக் கேட்டு வாங்குங்கள் என்றெல்லாம் பொறுமையாகச் சொல்வேன். அதில் எனக்கு வரும்படி இல்லை. இன்று நினைத்தால் இதுதான் அதிகம் உறுத்துகிறது. நேர்மையாக இருக்க எனக்குத் தெரிந்திருந்தது.

சிங்கப்பூரிலிருந்து வந்த சித்தப்பா மகள் அந்தக் கடையில் கோரா சேலைகளை மடியில் வைத்துக்கொண்டு, "ஏனுங்கண்ணா, இது கைத்தறிதானுங்களா?" என்று கேட்டாள். என் விரல் அப்போது அந்தக் கரையின் மேல்தான் இருந்தது. "கைத்தறிதான் கண்ணு, எடுத்துக்க" என்றேன். உடன் வேலை செய்பவர்களுக்கும் சேர்த்துக் கைத்தறி விலை கொடுத்து வாங்கிப் போனாள்.

விசைத்தறித் துணியை நான் மட்டமாகச் சொல்லவில்லை. சோமனூரிலும் பல்லடத்திலும் அதை நம்பித்தான் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் பிழைக்கின்றன. அதன் பெயரில், அதன் விலைக்கு விற்றால் அது நியாயமான சரக்கு. ஒரு சேலைக்கு நாள்கணக்கில் உட்காரும் நெசவாளியின் பெயரை அதன்மேல் ஒட்டுவதுதான் திருட்டு. கைத்தறிக்கென்று சில துணி வகைகளை ஒதுக்கி 1985இல் மத்திய அரசு சட்டமே கொண்டுவந்தது. இன்று அந்தப் பட்டியலில் உள்ள 11 இனங்களில் ஜமக்காளமும் ஒன்று. அப்படியிருந்தும் சோலாப்பூர் விசைத்தறி விரிப்புகள் பவானி பெயரில் விலைபோவதாக அந்த ஊர் நெசவாளர்கள் வருஷக்கணக்காக முறையிட்டு வருகிறார்கள். அந்தச் செய்திகளைப் படித்து நான் வருத்தப்பட்டும் இருக்கிறேன். அதே வாரத்தில் யாரையாவது அந்தக் கடைக்குக் கூட்டியும் போயிருக்கிறேன்.

கோவைக்கு வருபவர்களுக்கு நான் அன்றே சொல்லியிருக்க வேண்டியதை இப்போது சொல்கிறேன். சேலையின் இரு ஓரங்களையும் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். கைத்தறியில் துணி சுருங்காமல் இருக்க ஊசி வைத்த குச்சியை அகலவாட்டில் மாட்டி, நெய்ய நெய்ய நகர்த்துவார்கள். அந்த ஊசித் துளைகள் விட்டுவிட்டுத் தெரியும். நெசவும் அச்செடுத்ததுபோல் சீராக இராது, கை ஓங்கி அடித்த இடமும் தளர்ந்த இடமும் இருக்கும். கோரா என்றால் முந்தி ஓரத்தில் பட்டிழை ஒன்றை உருவிக் கொளுத்துங்கள். பட்டு முடி பொசுங்கும் வாடையோடு எரிந்து, கையில் நசுக்கினால் தூளாகும். பாலியெஸ்டர் உருகிக் கெட்டியான மணியாகத் திரளும். கடைக்காரர் இதற்குச் சம்மதிக்காவிட்டால் எழுந்து வந்துவிடுங்கள். 2006இல் வந்த கைத்தறி முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். ஊர் ஊராகப் போக நேரமில்லாதவர்களுக்குக் கோ-ஆப்டெக்ஸ் இருக்கிறது. கூட வரும் உள்ளூர்க்காரனின் வார்த்தையை மட்டும் நம்பி எடுக்காதீர்கள், அவன் சொந்த அண்ணனாக இருந்தாலும்.

போன மாதம் அந்தத் தங்கையைக் கூப்பிட்டு உண்மையைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "நீங்க சொன்னாச் சரியா இருக்கும்னு வெலையக்கூடப் பாக்கலீங்கண்ணா" என்றாள். கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன். விலை வித்தியாசத்தை அனுப்பிவிட்டேன், வாங்கிக்கொண்டாள். அந்தச் சேலைகளைக் கைத்தறி என்று சொல்லி அவள் யாருக்கெல்லாம் கொடுத்தாளோ, அவர்களிடம் இனி என்ன சொல்வாள் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

மற்றவர்களிடம் இன்னும் பேசவில்லை. என்னோடு வந்து அந்தக் கடையில் எடுத்தவர்கள் இதைப் படித்தால், சேலையைப் பிரித்து ஓரத்தைப் பாருங்கள். சந்தேகம் இருந்தால் என்னைக் கேளுங்கள். இந்த முறை உண்மையைச் சொல்வேன், பணத்தையும் தருகிறேன்.